ஒரு பழைய காரும் ஒரு பழைய கொப்பியும்

(எமது வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிய சிறப்பு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை. பேச்சின் போக்கு பெரிதும் மாற்றப்படவில்லை.)





கடந்த பத்து ஆண்டுகளில் இம்மேடையில் நான் நான்கு தடவைகள் பேசியிருக்கிறேன். நான்கும் பதிப்பு வரலாறு பற்றியவை. சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடு, பாடபேதம், பிழைதிருத்தம் என்று ஒரே தடத்தில் ஓடிய அந்த உரைகளை நீங்கள் பொறுமையுடன் கேட்டீர்கள். சிலர் பொறுமையுடன் உறங்கினீர்கள். ஆதலால் இம்முறை செயலாளர் தலைப்பைக் கேட்டபோது, ‘கார்’ என்று சுருக்கமாகச் சொன்னேன். அவர் மகிழ்ந்து போய், ‘கார்காலமோ? முல்லைத் திணையோ?’ என்றார். மேகமும் இல்லை, முல்லையும் இல்லை, பெற்றோலில் ஓடுகின்ற கார்தான் என்றபோது தொலைபேசியில் சற்று நேரம் சத்தம் வரவில்லை.

அந்த மௌனத்துக்கு மறுமொழி சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் கோப்பாய் வீட்டுக் கொட்டிலில் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாக அசையாது கிடந்த மொறிஸ் மைனர் காரை 2023ஆம் ஆண்டில் மீண்டும் ஓடச் செய்தோம். ‘செய்தோம்’ என்ற இந்தப் பன்மைக்குள் யார் யார் அடங்குவர் என்பதை நான் மிகவும் பிந்தியே அறிந்துகொண்டேன். அதைச் சொல்வதற்காகவே இங்கு நிற்கிறேன்.

மொறிஸ் மைனரை இங்குள்ள மூத்தவர்களுக்கு அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ஒஸ்ரின் ஏ-40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் என்பன யாழ்ப்பாணத்தாருக்கு உறவுக்காரரின் பெயர்களைப் போலப் பழகியவை. இளையவர்களுக்காகச் சில சொற்கள். இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் நகரை அடுத்த கௌலியில் இது பிறந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. தயாரிப்புக்குப் போகும் தறுவாயில் வண்டி ஒடுக்கமாக இருக்கிறதென்று இசிகோனிசுக்குத் தோன்றவே, மாதிரி வண்டியை நீளவாட்டில் நடுவே அறுத்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலித்தாராம். அந்த நான்கு அங்குலம் இன்றும் போனற்றின் நடுவே ஒரு தட்டைப் பட்டியாகத் தெரியும். தொழிற்சாலையின் அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்கு வண்டியைப் பிடிக்கவில்லை. உடைத்து ஊற்றி நீரில் அவித்த முட்டை போலிருக்கிறதென்று ஏளனம் செய்தாராம். அந்த முட்டைதான் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது பிரித்தானியக் காராயிற்று.

எங்களுடையது 1958ஆம் ஆண்டு வண்டி. சாம்பல் நிறம், நான்கு சிலிண்டர், 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின். ஓய்வுபெற்ற ஓர் அப்போதிக்கரியிடமிருந்து அப்பா 1979இல் வாங்கினார். அதன் இலக்கத் தகட்டைப் பற்றி இந்த அவையில் சொல்லாமல் விடமுடியாது. 1957 தொடக்கம் வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து இடம்பெற்றதும், அதனை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதும் போராட்டம் நடந்ததும், 1958இல் கலவரம் மூண்டதும் நீங்கள் அறிந்தவை. எங்கள் தகட்டில் முதலில் ஓர் எழுத்து இருந்திருக்கிறது. அதைச் சுரண்டி அதன்மேல் இன்னோர் எழுத்து. அதையும் சுரண்டி மறுபடி முதல் எழுத்து. சாய்ந்த வெயிலில் பார்த்தால் மூன்று படையும் தெரியும். நான் கையாண்ட சுவடிகள் எதிலும் இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்ட வரலாற்றை நான் கண்டதில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் நின்றது. பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதனை வெளியூரவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். சொல்லிச் சொல்லி எங்களுக்கே அது ஒரு பெருமைக் கதையாகிவிட்டது. உண்மையில் அது பெருமைப்படும்படியான ஓட்டமன்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. ஆகவே பெற்றோலில் பிடிக்கவைத்து, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். சூடேறிய பின்னும் அது நிதானமாக எரியாது. வேளைக்கு முந்தி வெடித்து உள்ளே தட்டும். அதனால் பொறி பாயும் நேரத்தைச் சற்றுப் பிந்தவைக்கவேண்டும்; பிந்தவைத்தால் இழுவை குறையும். எரியாமல் எஞ்சியது பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயிலுக்கும் தட்டுப்பாடு. பிளக்குகள் கரிபிடிக்கும். வண்டிக்குப் பின்னால் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார்கள்.

பெற்றோல் அக்காலத்தில் மருந்து போலச் சொட்டுக் கணக்கில் செலவாயிற்று. கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தல் ஒன்றில் அதனை நிரப்பி, காபரேற்றரின் வாயில் சில சொட்டுகள் விட்டு, ஹாண்டிலால் எஞ்சினைச் சுழற்றிப் பிடிக்கவைப்பார்கள். அதன்பின் சூடேறும்வரை ஓடுவதற்காக, ஒரு பால்மாப் பேணியின் அடியில் குழாயும் சிறு திறப்பும் ஒட்டி, அதைப் போனற்றுக்குள் உயரத்தில் பொருத்தியிருந்தார் அப்பா. அதற்குச் ‘சிறு தாங்கி’ என்று பெயர்.

பெயர் அவர் இட்டது. அப்பா விஞ்ஞான ஆசிரியர். வண்டிக்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தார். எண்பது தாள் கொப்பி; உறையில் ‘வண்டி’ என்று மட்டும் எழுதியிருக்கும். திகதி, ஊற்றிய மண்ணெண்ணெய், ஓடிய தூரம், கண்ட கோளாறு, செய்த பரிகாரம் என்று பதினாறு ஆண்டுக் குறிப்புகள். உள்ளட்டையில் 1-3-4-2 என்று பெரிதாக எழுதி வட்டமிட்டிருந்தார். சிறு வயதில் அதை யாருடையதோ தொலைபேசி எண் என்று எண்ணியிருந்தேன். நான்கு சிலிண்டர்களில் பொறி பாயும் ஒழுங்கு அது. அதன் கீழே, எஞ்சினைத் தொடக்கும் முறையை இவ்வாறு எழுதியிருந்தார்: வளிவடி கழற்றப்படும். பெற்றோல் பத்துச் சொட்டு விடப்படும். ஹாண்டில் சுழற்றப்படும். எஞ்சின் பிடித்ததும் சிறு தாங்கி திறக்கப்படும். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும்.

விஞ்ஞானப் பாடத்தில் பரிசோதனையை எழுதச் சொல்லிக்கொடுக்கும் நடை. எல்லாம் செயப்பாட்டுவினை; வினைமுதல் எங்கும் இல்லை. இந்த இலக்கணக் குறிப்பைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது எனக்கு வயது பதினான்கு. கொட்டிலில் மண்ணெண்ணெய் இல்லை. அப்பா டிஸ்ரிபியூற்றரின் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் றோட்டரைக் கழற்றி எடுத்தார். கட்டைவிரல் அளவான துண்டு. அது இல்லாவிட்டால் எந்தப் பிளக்குக்கும் பொறி போகாது. காரை அங்கேயே விட்டுவிட்டுச் சைக்கிள்களில் சாவகச்சேரிப் பக்கம் போனோம். 1996இல் திரும்பி வந்தபோது சில்லுகள் இல்லை, இருக்கைகள் இல்லை, கார் இருந்தது. அவற்றையெல்லாம் எங்கெங்கோ தேடிப் பொருத்தி அப்பா அதை மறுபடி ஓட்டினார். 2002இல் ஏ-9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்த நான்கு ஆண்டுகள்தான் அந்த வண்டி சுகமாக வாழ்ந்த காலம் எனலாம். 2006 ஓகஸ்ற்றில் பாதை மூடப்பட்டபோது அப்பா அதனை நான்கு மரக்குற்றிகளில் ஏற்றி வைத்தார். கொப்பியின் கடைசிப் பதிவு ஒரு சொல்: நிறுத்தப்பட்டது. 2014இல் அப்பாவும் போய்விட்டார்.

அதன்பின் நாங்கள் அந்தக் கொட்டிலுக்குள் விறகு எடுக்கவே போனோம்.

2022இல் மறுபடி பெற்றோல் வரிசைகள். மூன்று நாள் வரிசையில் நின்ற ஒரு முதியவர் என்னைக் கண்டு, ‘உங்கட அப்பா இருந்திருந்தால் வரிசையில நிக்கமாட்டார், பிள்ளை’ என்றார். அந்த ஆண்டு மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான் என்பதை நான் அவருக்கு நினைவூட்டவில்லை. 2020 முதல் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் பழைய வண்டிகளுக்கும் விலை ஏறியிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து எங்கள் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனிதர்; வண்டிகளை அறிந்தவர். அவர் சொன்ன தொகை எங்கள் வீட்டுக் கூரையை முழுமையாக மாற்றப் போதுமானது. ‘தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடுவேன், இந்தப் பேணி, குழாய், ஒட்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடுவேன்’ என்று உறுதியளித்தார். இலண்டனில் இருக்கும் தம்பி தொலைபேசியில், ‘குடுத்துவிடு அக்கா, கறள் தின்ன விட்டென்ன பலன்?’ என்றான். அம்மாவைக் கேட்டேன். ‘உங்கட விருப்பம்’ என்றார். நான் வந்தவரிடம் மூன்று மாதத் தவணை கேட்டேன். விற்பதாயினும் ஒரு தடவை அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு விற்கலாம் என்பதே என் எண்ணம்.

எங்கள் ஊரில் எழுபது வயதைக் கடந்த ஒரு மெக்கானிக் ஐயா இருக்கிறார். கராச்சை மூடிப் பல காலம். அவர் வந்து போனற்றைத் திறந்து, நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். எலிகள் வளிவடிக்குள் குடியிருந்து போயிருந்தன. நான் புதுப் பற்றறி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். ‘இப்ப செல்வ் அடிச்சுப் பாக்கிற எண்ணத்தை விடுங்கோ, ரீச்சர். காய்ஞ்ச சிலிண்டரில வளையம் உராஞ்சுதெண்டால் பிறகு அழவேண்டியதுதான்’ என்றார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒயிலும் டீசலும் கலந்து ஒவ்வொரு துளைக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ‘ஊறட்டும்’ என்றார். ஐந்து நாள் கழித்து வந்து ஹாண்டிலைப் போட்டுப் பார்த்தார். அசையவில்லை. நான் என் பலத்தையும் சேர்க்க முன்வந்தேன், கையால் விலக்கிவிட்டார். மறுபடி ஊற்றினார், மறுபடி ‘ஊறட்டும்’ என்றார்.

அப்போதுதான் எனக்கு என் தொழில் நினைவுக்கு வந்தது. காய்ந்து ஒட்டிக்கொண்ட ஏட்டை நாம் வலிந்து பிரிப்பதில்லை. புல்லெண்ணெய் தடவி, அது தானே நெகிழும்வரை காத்திருக்கிறோம். மாணவர்களுக்கு இதை ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கும் நான், இரும்பைக் கண்டதும் அவசரப்பட்டேன். பத்தாம் நாள் ஹாண்டில் ஒரு விரற்கடை அசைந்தது. ஐயா முன்னும் பின்னுமாக அதைத் தாலாட்டுவது போல ஆட்டினார். பிற்பகல் நான்கு மணிக்கு எஞ்சின் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. பிளக்குத் துளைகளிலிருந்து கறுத்த ஒயில் சீறி என் வெள்ளைச் சேலையில் தெறித்தது. அந்தச் சேலையை நான் இன்னும் எறியவில்லை.

இதன்பிறகு நடந்தவற்றில் பெரும்பகுதி துடைத்தலும் கழுவுதலும்தான். பெற்றோல் தாங்கிக்குள் பழைய பெற்றோல் வார்னிஷ் போல இறுகி மணந்தது. அதைக் கழற்றி, கழுவி, காயவைத்தோம். றேடியேற்றரிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. டிஸ்ரிபியூற்றரின் தொடுமுனைகளுக்கு இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இருக்கவேண்டும். அப்பா கொப்பியில், கலியாண அழைப்பிதழ் ஒன்றின் தடிப்பு என்று எழுதியிருந்தார். ஐயா தம் அளவுத் தகட்டை வைத்துப் பார்த்து, ‘மாஸ்ரர் கண்ணாலயே அளந்திருக்கிறார்’ என்றார். எந்த வீட்டு அழைப்பிதழ் என்று அப்பா குறிப்பிடவில்லை. இக்காலத்து அழைப்பிதழ்களின் தடிப்பை நம்பினால் பொறி பாயாது.

பிரேக்கைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. அதன் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடித் தட்டுக்குக் கீழே, கை நுழையாத இடத்தில் இருக்கிறது. இசிகோனிஸ் மேதைதான், ஆயினும் அதைக் கழற்றவேண்டி வரும் ஒரு மனிதரை அவர் ஒருபோதும் நினைத்துப் பார்த்ததில்லை. தம்பி இலண்டனிலிருந்து றப்பர் வளையங்களை அனுப்பினான். இரண்டு வாரம் போயிற்று. அவ்வளவே.

பற்றறி விடயத்தில் நான் செய்த தவறை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா வருமுன் நானே பற்றறியைப் பொருத்தி அவரை வியக்கவைக்க எண்ணினேன். கொப்பியைத் திறந்தேன். பற்றறி: நேர்முனை நிலத்துக்கு என்றிருந்தது. எங்கும் எதிர்முனையைத்தான் வண்டியின் உடலோடு தொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். என் ஸ்கூட்டரிலும் அப்படித்தான். விளக்கு வெளிச்சத்தில் எழுதும்போது அப்பாவின் கை தவறிவிட்டது என்று முடிவு செய்தேன். பதிப்பாசிரியர் என்ற முறையில் ஏடு எழுதுவோர் பிழை என்று மனத்தில் குறித்துக்கொண்டு, வாசகத்தைத் திருத்தி, எதிர்முனையை உடலோடு தொடுத்தேன். கவ்விகள் சரியாகப் பொருந்தவில்லை. ஒன்று இறுகியது, மற்றது தளர்ந்தது. இறுகியதைச் சுத்தியலால் தட்டி இறக்கினேன். தளர்ந்ததற்குத் தகரத் துண்டு செருகினேன்.

ஐயா வந்து ஒரு கணம் பார்த்தார். ‘ஆர் இதைப் பூட்டினது?’ என்றார். அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகளில் நேர்முனைதான் உடலோடு சேரும். எங்கள் வண்டியின் டைனமோ அந்தத் திசைக்கே பழகியது. மாற்றிக் கொடுத்து எஞ்சினை ஓட்டியிருந்தால் மின்னேற்றும் பெட்டியின் தொடுமுனைகள் கருகியிருக்கும். பற்றறியின் நேர்முனைக் கம்பம் எதிர்முனைக் கம்பத்தைவிடச் சற்றுத் தடிப்பானது. கவ்விகளும் அதற்கேற்பவே செய்யப்பட்டவை. நான் சுத்தியலை எடுத்த அந்த வேளையிலேயே வண்டி எனக்குச் சொல்லியிருக்கிறது. வாசகம் சரியாக இருந்தது. வாசித்தவளுக்கு விடயம் தெரியவில்லை. கடினமான பாடத்தை எளிய பாடமாக மாற்றாதே என்று எத்தனை தேர்வு விடைத்தாள்களில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன்!

எல்லாம் பூட்டி முடிந்த நாள் வந்தது. ஐயா டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறந்தார். திறந்தவர் தலையைச் சொறிந்தார். தொடுமுனைகளைத் துடைத்த நாளிலேயே அங்கே றோட்டர் இல்லை என்பதைக் கண்டிருக்கிறார். நான் எடுத்து வைத்திருக்கிறேன் என்று எண்ணியிருந்தாராம். நான் அவர் எடுத்து வைத்திருப்பார் என்றும் எண்ணவில்லை; அப்படி ஒரு பொருளையே மறந்திருந்தேன். கொப்பி முழுவதையும் புரட்டினேன். றோட்டரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பாவின் மேசை, சட்டைகள் தொங்கிய அலுமாரி, திருகாணிகள் போட்டுவைத்த போத்தல்கள், எங்கும் இல்லை. தம்பியிடம் சொல்லி இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அம்மா கிணற்றடியிலிருந்து வந்தார். ‘என்ன தேடுறியள்?’

‘றோட்டரைக் காணேல்லை, அக்கா’ என்றார் ஐயா.

அம்மா ஒன்றும் சொல்லாமல் சாமியறைக்குள் போனார். அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. துணியில் முடிந்த ஒரு சிறு பொட்டலத்தைக் கொண்டுவந்து ஐயாவின் கையில் வைத்தார். என்னை அல்ல, அவரைப் பார்த்தே பேசினார். ‘கழட்டி என்ர கையிலதான் தந்தவர். தொண்ணூற்றைஞ்சிலயும் என்னட்டைத்தான். சேலைத்தலைப்பில முடிஞ்சுகொண்டு திரிஞ்சனான்.’

ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘நீ கேக்கேல்லையே’ என்றார்.

நண்பர்களே, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புகளின் முன்னுரைகளில் நன்றி கூறப்பட்டவர்களைப் பற்றி ஆராய்ந்து நான் கலாநிதிப் பட்டம் பெற்றேன். ஏடு கொடுத்தவர் யார், ஒப்புநோக்கியவர் யார், பெயர் விடுபட்டவர் யார் என்று ஐந்து ஆண்டுகள் தேடியவள். 1995 இரவில் அப்பா றோட்டரைத் தம் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கண்ணால் கண்டதுபோல அந்தச் சட்டையின் நிறம் கூட எனக்கு நினைவிருக்கிறது. அம்மாவின் சேலைத்தலைப்பு என் நினைவில் எங்கும் இல்லை.

றோட்டரைப் பூட்டினோம். மண்வாளி ஒன்றைப் பக்கத்தில் வைத்தோம். கழுவிய தாங்கியை இன்னும் நம்பமுடியாது என்று ஐயா, அப்பாவின் பால்மாப் பேணியையே பெற்றோலால் நிரப்பி, அதன் குழாயைக் காபரேற்றரில் பொருத்தினார். அவர் ஹாண்டிலில், பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடித்தார், எஞ்சின் எதிர்த்து உதைத்தால் விரல் முறியாதிருக்க. நான் போனற்றுக்கு அருகில் மருந்துப் போத்தலோடு. கொப்பியில் உள்ளபடி பத்துச் சொட்டு எண்ணி விட்டேன். ஐயா சுழற்றினார். ஒரு இருமல், அடங்கிவிட்டது. மறுபடி பத்து. மறுபடி ஓர் இருமல். நான்காம் தடவையில் ஐயா மூச்சு வாங்க நிமிர்ந்தார்.

‘இஞ்ச கொண்டா’ என்று அம்மா போத்தலை என் கையிலிருந்து வாங்கினார். இடது சுட்டுவிரலைக் காபரேற்றரின் வாய்க்குள் நுழைத்து, அங்கே துவாரத்தை மூடிக்கொண்டிருந்த பிஸ்ரனை மெல்ல உயர்த்திப் பிடித்தார். நான் விட்ட சொட்டுகளில் பெரும்பாலானவை அதன் வெளிப்புறத்திலேயே தேங்கியிருக்கின்றன. உயர்த்திய இடைவெளியால் சொட்டுகளை உள்ளே விட்டார். அவர் வாய்விட்டு எண்ணவில்லை. பழக்கத்தால் நான் எண்ணினேன். ‘ம்’ என்றார் ஐயாவுக்கு.

எஞ்சின் பிடித்தது.

அந்தச் சத்தத்தை வருணிக்கும் வேலையைக் கவிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். கொட்டில் முழுவதும் நீலப் புகை. ஊற்றிவைத்த ஒயில் எல்லாம் எரிந்து வந்தது. அயல் வீட்டுப் பிள்ளைகள் வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிவந்தார்கள். ஐயா சிரித்தார், நான் அழுதேன் என்று சொல்கிறார்கள். அம்மா மட்டும் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்று, ‘ஒண்டு பிடிக்கேல்லை’ என்றார். ஐயா பார்த்தார். ஒரு பிளக்கின் வயர் சரியாக இருக்கவில்லை.

சொட்டு விடப்படும், ஹாண்டில் சுழற்றப்படும். வண்டியின் முன்னால் குனிந்து ஹாண்டிலைச் சுழற்றும் ஒருவரே அதே கணத்தில் காபரேற்றரில் சொட்டு விடமுடியாது என்பதை, அந்தக் கொப்பியை எத்தனையோ தடவை வாசித்த நான் யோசிக்கவில்லை. ஆறு ஆண்டுகள், விடியப்புறங்களில், குப்பி விளக்கோடு, தீப்பற்றக்கூடிய இடத்துக்குள் விரலை விட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருக்கிறார். நான் அதே வீட்டில் படுத்திருந்தேன். அப்பா வேண்டுமென்று மறைத்தார் என்று நான் கருதவில்லை. அவருக்கு விஞ்ஞானம் கற்பித்தவர்கள் அப்படி எழுதக் கற்பித்தார்கள். அவரும் அப்படியே எங்களுக்குக் கற்பித்தார். என் ஆய்வேட்டைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் எல்லாம் ‘நோக்கப்பட்டது’, ‘ஒப்பிடப்பட்டது’, ‘பெறப்பட்டது’ என்றுதான் இருக்கிறது.

கொழும்பிலிருந்து வந்தவருக்கு விற்பதில்லை என்று அறிவித்தோம். கூரை இன்னும் ஒழுகுகிறது. தம்பி இன்னும் கோபமாக இருக்கிறான். அவன் கோபத்திலும் நியாயம் உண்டு. பால்மாப் பேணியைப் பற்றி எனக்கும் ஐயாவுக்கும் ஒரு சிறு விவாதம் நடந்தது. சூடான எஞ்சினுக்கு மேலே பெற்றோல் பேணி வைத்திருப்பது ஆபத்து, கழற்றவேண்டும் என்றார் அவர். அவர் சொல்வது சரி. கழற்றினால் அந்த ஆறு ஆண்டுகள் வண்டியிலிருந்து போய்விடும் என்றேன் நான். கடைசியில் குழாயை மட்டும் கழற்றி, பேணியை வெறுமையாக அதன் இடத்திலேயே விட்டோம். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்கு வண்டியைத் திருப்பிக் கொண்டுபோக விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த நாளில் நாங்கள் யாரும் அதற்குள் இருக்கவில்லை.

ஆவணங்கள் எல்லாம் சீரானபின், முதல் ஓட்டமாகச் சிறுப்பிட்டிவரை போனோம். பருத்தித்துறை வீதியில் நீர்வேலி தாண்டினால் சிறுப்பிட்டி. கலித்தொகையை 1887இல் அச்சில் ஏற்றிய தாமோதரம்பிள்ளையின் ஊர். அது என் விருப்பம். அம்மாவுக்கு நீர்வேலிக் கந்தசுவாமி கோயிலடியில் இறங்கிக் கும்பிடவேண்டும். அது அவர் விருப்பம். இரண்டும் ஒரே வழியில் இருந்தமையால் சமாதானமாகப் போயிற்று. ஐயா ஓட்டினார், அம்மா முன் இருக்கையில், நான் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே போகும்போது, பல நாளாகக் கேட்க எண்ணியிருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு நான் எண்ணியபோது பதினைந்து சொட்டு வந்தது, அப்பா பத்து என்றல்லவா எழுதியிருக்கிறார் என்றேன்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

‘பத்தில அது ஒருநாளும் வந்ததில்லை, பிள்ளை. நான் பதினைஞ்சுதான் விடுறனான். கொப்பாவுக்குச் சொல்லேல்லை. பெற்றோல் வித்த விலைக்கு அவர் பேசியிருப்பார்.’

சிறுப்பிட்டிச் சந்தியில் வண்டியை நிறுத்தியபோது பென்சிலை எடுத்து, கொப்பியின் அந்த வரிக்கு அருகே, ஓரத்தில், சிறிய எழுத்தில் குறித்தேன்: பதினைந்து – அம்மா.